பதினொரு கிராம் கண்மலர்

2024 நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்து இருபதுக்கு எழுந்தேன். வெளியே இரண்டு பாகை, மூடுபனி. விளக்கேற்றி, திருநீறு பூசி, தேநீர் குடித்தபடி நேற்றைய நாட்குறிப்பை ஒருமுறை வாசித்தேன். விட்டுப்போனது ஒன்றும் இல்லை. ஆறு நாற்பதுக்கு பஸ். ஏழு பத்துக்கு ப்ரொக்கியின் பின்கதவைத் திறந்தேன்.

ப்ரொக்கி என்பது பழஞ்சாமான் கடை. சுவிஸில் லுசேர்ணுக்குப் பக்கத்து ஊரில் இருக்கும் இந்தக் கடையில் பதினெட்டு வருடமாக வேலை செய்கிறேன். யாராவது இறந்தால், அல்லது முதியோர் இல்லத்துக்குப் போனால், அவர்களுடைய வீட்டைக் காலி செய்து சாமான்களை இங்கே கொண்டு வருவார்கள். வருவதைப் பதிவேட்டில் எழுதுவது என் வேலை. எந்த வீட்டிலிருந்து வந்தது, என்ன பொருள், வெள்ளியென்றால் எத்தனை கிராம், இங்கிருந்து எங்கே போகிறது. கடைசிக் கட்டத்தில் மூன்று சொற்களில் ஒன்றுதான் வரும்: விற்பனை, உருக்கு, குப்பை.

பத்து மணிக்கு வண்டி வந்தது. ஓட்டுநர் ஒரு போர்த்துக்கேயர். மூன்று வாழைப்பழப் பெட்டிகளை என் மேசைக்குப் பக்கத்தில் இறக்கினார்.

“தனியாக இருந்த மனிதர். ஆஸ்பத்திரியில் இறந்தாராம். தமிழர். உங்களுக்குத் தெரிந்தவரா?”

“எல்லாத் தமிழரையும் எனக்குத் தெரியாது” என்றேன். இது நான் வழக்கமாகச் சொல்லும் பதில்.

முதல் பெட்டியில் பாத்திரங்கள். இரண்டாவதில் ஒரு இடியப்ப உரல், இரண்டு சாமிப் படம், குளிர்ச் சட்டைகள். மூன்றாவதில் சின்னச் சின்னப் பொதிகள். தமிழ்க் கடைகளில் வருடக் கடைசியில் தரும், நாளுக்கொரு தாள் கிழிக்கும் நாட்காட்டியின் தாளில் சுற்றி, வெள்ளை நூலால் கட்டியிருந்தது. அறுபத்து மூன்று பொதி. ஒன்றை அவிழ்த்தேன். வெள்ளித் தேக்கரண்டி. பிடியின் நுனியில் ஒரு பறவை, நீண்ட அலகால் தன் நெஞ்சைத் தானே கொத்திக்கொண்டிருந்தது. கீழே மூன்று குஞ்சுகள் வாயைத் திறந்திருந்தன.

கதிரையை இழுத்து உட்கார்ந்தேன்.

இந்தப் பொதிகளைக் கட்டியவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. நாங்கள் எல்லோரும் அண்ணை என்றே கூப்பிட்டோம். மூன்று கிழமைக்கு முன்பு கைபேசிக்கு ஒரு மரண அறிவித்தல் வந்திருந்தது. தகப்பன் பெயர், ஊர்ப்பெயர் எல்லாம் சேர்த்த நீண்ட பெயர். படமும் இளவயதுப் படம். நான் பார்த்துவிட்டுத் தள்ளிவிட்டேன். அது அவர்தான் என்று இன்று பத்து மணிக்குத்தான் தெரிந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது அவர் உலோகச் சாமான் பிரிக்கும் மேசையில் இருந்தார். மட்டக்களப்புப் பக்கத்து ஆள். அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். மெலிந்த உடம்பு, பெரிய கை. மேசைக்கு மேலே சுவரில் தமிழ் நாட்காட்டி தொங்கும். கரண்டி, முள்ளு, கத்தி, கிண்ணம், மெழுகுதிரித் தாங்கி எல்லாம் அந்த மேசைக்குத்தான் போகும். பின்பக்கத்து முத்திரையைப் பார்த்து, முலாம் பூசியதையும் உண்மை வெள்ளியையும் பிரிப்பார். முலாம் கடைக்குப் போகும். வெள்ளியில் நெளிந்தது, சோடி தவறியது, யாரும் வாங்காதது எல்லாம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை உருக்குகிறவனுடைய வண்டியில் போகும்.

நான் சேர்ந்த முதல் கிழமையிலேயே கவனித்தேன். சில கரண்டிகளை அவர் உருக்குப் பெட்டியில் போடுவதில்லை. நாட்காட்டித் தாளில் சுற்றி மேசைக்குக் கீழே இன்னொரு பெட்டியில் வைத்தார்.

“அது ஏன் அங்க போகுது, அண்ணை?”

அவர் ஒரு கரண்டியை நீட்டினார். பிடியில் ஒரு ஆட்டுக்குட்டி. முன்காலில் கொடி பிடித்துக்கொண்டு நின்றது.

“இஞ்ச பாருகா. ஆட்டுக்குட்டிக்குக் கொடி எதுக்கு?”

“அழகுக்குப் போட்டிருப்பினம்.”

“சும்மா ஒருத்தரும் போடமாட்டாங்க, தங்கச்சி.”

அவரைப் பற்றி எழுத வேண்டியது இந்த ஒரு வசனம்தான். மற்றதெல்லாம் அதற்குக் கீழே வரும். அலங்காரம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதை அவர் நம்பவில்லை. ஒரு கைக்குள் அடங்கும் பொருளில் ஒருவன் ஆட்டையும் கொடியையும் செதுக்கியிருக்கிறான் என்றால், அதை வாயில் வைத்தவர்களுக்கு அதில் ஏதோ அலுவல் இருந்திருக்கிறது. அந்த அலுவல் முடிந்ததென்று நாங்கள் எப்படித் தீர்மானிப்பது? அவருடைய வழக்கு இவ்வளவுதான்.

திங்கட்கிழமைகளில் ஓய்வு பெற்ற கன்னியாஸ்திரி ஒருவர் கம்பளி நூல் வாங்க வருவார். அவரைக் கண்டால் அண்ணை கையைத் துடைத்துக்கொண்டு எழும்புவார். “ஷ்வெஸ்டர், வாஸ் இஷ் டாஸ்?” இது என்ன என்பதை அவர் கேட்கும் விதம் அது. கன்னியாஸ்திரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சொல்வார். கொடி பிடித்த ஆட்டுக்குட்டி இயேசு. புறா பரிசுத்த ஆவி. நங்கூரம் நம்பிக்கை. கோதுமைக் கதிரும் திராட்சைக் குலையும் ஒன்றாக இருந்தால் அப்பமும் இரசமும்.

நெஞ்சைக் கொத்தும் பறவையை முதன்முதலில் காட்டிய நாள் எனக்கு நல்ல ஞாபகம். அண்ணை அதற்கு முன்பே தன் கருத்தைச் சொல்லியிருந்தார். “இது அம்மனோட வாகனமாத்தான் இரிக்கோணும். கோவக்காரப் பறவை.” கன்னியாஸ்திரி மறுத்துத் தலையாட்டினார். இல்லை, குஞ்சுகளுக்குப் பசி, இரை இல்லை, அதனால் தாய் தன் நெஞ்சைக் கிழித்து இரத்தத்தை ஊட்டுகிறது, அதுவும் இயேசுதான் என்றார். நான் மொழிபெயர்த்தேன். அண்ணை அன்று மதியம் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வண்டி நிற்கும் இடத்துக்குப் போய், நின்றபடி சாப்பிட்டார். அன்றிலிருந்து அந்த மேசையில் அவர் சாப்பிட்டதேயில்லை.

இதில் சிரிப்பும் இருந்தது. ஒருநாள் ஒரு பெரிய வீட்டிலிருந்து மீன் கத்திகள் வந்தன. அலகில் மீன் செதுக்கிய பன்னிரண்டு கத்தி. அண்ணை பன்னிரண்டையும் சுற்றிக் கீழே வைத்துவிட்டார். மீனும் இயேசுவின் அடையாளம் என்று கன்னியாஸ்திரி எப்போதோ சொல்லியிருந்தார்.

“அண்ணை, அது மீன் தின்னுற கத்தி. அதுதான் மீன் போட்டிருக்கு.”

“அது எப்படி உனக்குத் தெரியும்?”

“கோழி வெட்டுற கத்தியில கோழி போட்டாலும் கும்பிடுவியளோ?”

“கோழி முருகன்ட கொடியில இரிக்கு. யோசிக்கோணும்.”

அடுத்த திங்கட்கிழமை கன்னியாஸ்திரி வந்து, இது வெறும் மீன் என்று தீர்ப்புச் சொன்னபிறகுதான் பன்னிரண்டும் வெளியே வந்தன. அப்போதும் அவருக்கு முழு மனம் இல்லை. திராட்சைக் குலை இன்னும் மோசம். இந்த நாட்டு வெள்ளிக் கரண்டியில் பாதிக்குத் திராட்சைதான். “முந்திரிகைக் குலையெல்லாம் சாமியெண்டா உருக்க ஒண்டும் மிஞ்சாது அண்ணை” என்றேன். கதிர் சேர்ந்து இருந்தால் மட்டும் எடுப்பது, தனிக் குலையை விடுவது என்று ஒரு விதி வைத்துக்கொண்டார். விதி என்று ஒன்று இருந்தது எனக்கும் ஆறுதலாக இருந்தது.

அவர் துலக்கும் விதத்தையும் சொல்ல வேண்டும். மருந்துத் தண்ணீரில் தோய்த்தால் வெள்ளி ஒரு நொடியில் பளிச்சென்று வரும். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். அவர் சுண்ணாம்புத் தூளை ஈரத் துணியில் தொட்டு மேட்டை மட்டும் தேய்ப்பார், பள்ளத்தில் உள்ள கறுப்பை விட்டுவிடுவார். கறுப்பும் போனால் முகம் தெரியாது. அப்போஸ்தலர் பன்னிரண்டு பேரும் பன்னிரண்டு கட்டையாகிவிடுவார்கள் என்பார்.

ஞானஸ்நானக் கரண்டிகள் என்று ஒரு வகை உண்டு. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது ஞானத்தாய் தகப்பன் கொடுப்பது. குழந்தையின் பெயரும் பிறந்த நாளும் பின்பக்கம் வெட்டியிருக்கும். அண்ணை அந்தப் பெயர்களைத் தொலைபேசிப் புத்தகத்தில் தேடுவார். மதிய இடைவேளையில் கடைத் தொலைபேசியில் ஒரே பெயர்க்காரர் ஆறேழு பேரை அழைப்பார். “நான் ப்ரொக்கியிலிருந்து கதைக்கிறேன். உங்கள் வீட்டுப் பொருள் ஒன்று எங்களிடம் இருக்கிறது.” அவருடைய ஜெர்மன் மொழியில் பிழையில்லாத வசனம் அது ஒன்றுதான். நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

பலர் வேண்டாம் என்றார்கள். ஒருவர் மட்டும் வந்தார். எழுபது வயதுக் கமக்காரர், சப்பாத்தில் சேறு. கரண்டியைத் திருப்பிப் பெயரை வாசித்தார். அது அவருடைய தம்பியின் பெயர். நான்கு மாதத்தில் இறந்த குழந்தையாம். அவனுடையது என்று வீட்டில் வேறு ஒன்றும் இல்லையாம். இதை எங்களிடம் சொல்லவில்லை, கரண்டியிடம் சொன்னார். பிறகு சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். நன்றிகூடச் சொல்லவில்லை. அண்ணை அன்று முழுவதும் சீட்டியடித்தார்.

ஆனால் இதற்கு இன்னொரு பக்கம் உண்டு. ஒரு பெண் வேண்டாம் என்று சொன்னபின்பும் அவர் மூன்று முறை அழைத்தார். கடைசியில் அந்தப் பெண் அழுதபடி கத்தியது எனக்கே கேட்டது. அந்தத் தகப்பனுடைய பொருள் எதுவும் என் வீட்டுக்குள் வரக் கூடாது என்றாள். அண்ணை தொலைபேசியை வைத்துவிட்டு, “அவக்கு இப்ப வேணாமாம்” என்றார். “இப்ப” என்ற சொல் அவராகச் சேர்த்தது. அவருக்கு மறுப்பு விளங்காது. அது எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன். அவருடைய தங்கச்சிக்குச் சின்ன வயதில் கண்ணில் நோய் வந்தது. தாய் அம்மனுக்குக் கண்மலர் நேர்ந்தா. பத்தரிடம் கொடுத்து வெள்ளியில் இரண்டு கண் அடித்து வீட்டுப் பெட்டகத்தில் வைத்திருந்தார்கள். வருடத்துக்கு ஒருமுறை வைகாசியில் கோயில் கதவு திறக்கும்போது கொடுப்பதென்று இருந்தார்கள். அதற்கு முன்பு இவர் நாட்டை விட்டு வெளிக்கிட வேண்டி வந்தது. பயணக் காசுக்காக வீட்டில் இருந்த வெள்ளி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய் உருக்குகிறவனிடம் கொடுத்தார். கண்ணும் அதற்குள் போனது.

“மறுகா?” என்று கேட்டேன். பிறகு என்பதற்கு அவர்கள் ஊரில் மறுகா என்பார்கள். நானும் அவருடன் சேர்ந்து அப்படிச் சொல்லப் பழகியிருந்தேன்.

“மறுகா என்ன. அவக்கு ஒரு கண்தான் தெரியும். நான் உருக்கினதாலதான் என்டு சொல்லயில்ல. இல்லயென்டும் சொல்லமாட்டன்.”

2010 நவம்பர் 18, வியாழக்கிழமை. மலைப்பக்கத்துப் பண்ணை வீடு ஒன்றிலிருந்து சாமான் வந்தது. பிஸ்கட் தகரத்துக்குள் பொத்தான்களோடு ஒரு வெள்ளித் தகடு. இரண்டு கண்கள், நடுவில் மூக்குக்கு மேலே வளைந்த ஒரு சிறு பட்டி. இமை மயிர்கூட ஒவ்வொன்றாக வெட்டியிருந்தது. மேலே நாடா கோக்க ஒரு ஓட்டை. உடுப்புப் பகுதியில் வேலை செய்யும் சுவிஸ் பெண் அதை எடுத்துத் தன் முகத்தில் வைத்து, “ஃபாஸ்நாக்ட்!” என்று ஆடிக்காட்டினாள். இங்கே மாசி மாதத்தில் முகமூடி போட்டு ஆடும் திருவிழா அது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அண்ணை எழுந்து போய் அவளுடைய முகத்திலிருந்து அதை எடுத்தார். பறிக்கவில்லை. இரண்டு கையாலும் எடுத்தார்.

“கண்மலர்” என்றார்.

இங்கேயும் அப்படி உண்டென்று நான் நம்பவில்லை. திங்கட்கிழமை கன்னியாஸ்திரி உண்டு என்றார். கண்நோய்க்கு ஒரு புனிதை இருக்கிறா, முந்தி மலைக் கிராமங்களில் வெள்ளிக் கண் அடித்து அவவுக்கு நேர்ந்து தொங்கவிடுவார்கள் என்றார். அண்ணைக்கு அது செய்தியாகவே படவில்லை. முன்பே தெரிந்ததுபோலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஆரோ நேர்ந்திரிக்காங்க, தங்கச்சி. குடுக்க ஏலாமப் போயிரிக்கு. எந்த வீடு? கொப்பியில இரிக்கும்தானே?”

பதிவேட்டில் இருந்தது. நான்தான் எழுதினேன். ஆனால் வீட்டுக்காரரின் விபரத்தை யாருக்கும் சொல்லக் கூடாது என்பது விதி.

“அது ஒருத்தருக்கும் சொல்லக் குடாது, அண்ணை.”

“எனக்குமோ?”

“ஒருத்தருக்கும் எண்டா ஒருத்தருக்கும்தான்.”

அவர் வற்புறுத்தவில்லை. பெயர் இல்லாத பொருளுக்குத் தொலைபேசிப் புத்தகமும் உதவாது. கண்ணைச் சுற்றிக் கீழே வைத்தார். நான் பதிவேட்டில் எழுதினேன்: இனந்தெரியாத அணி, வெள்ளி, பதினொரு கிராம்.

தை மாதம் புதிய மேலாளர் வந்தார். கெட்ட மனிதர் இல்லை. உருக்கப் போகும் வெள்ளி வருடாவருடம் குறைகிறதே என்று பார்த்தார். 2011 மார்ச் 4, வெள்ளிக்கிழமை, என்னைக் கூப்பிட்டு, மிச்சம் எங்கே என்று கேட்டார்.

“மேசைக்குக் கீழே” என்றேன்.

பெட்டியைத் திறந்தவர் முதலில் சிரித்தார். இது தேவாலயம் இல்லை, கடை என்றார். கோபம் இல்லை. எல்லாவற்றையும் நிறுத்துப் பதிவேட்டோடு சரிபார்ப்போம், சரியாக இருந்தால் உருக்குப் பெட்டியில் போட்டுவிட்டு இதை மறந்துவிடுவோம் என்றார். நான் ஒவ்வொரு வரியாக வாசித்தேன். அவர் நிறுத்தார். அண்ணை பக்கத்தில் நின்றார். எல்லாம் பொருந்தியது. கடைசியில் பதினொரு கிராம் குறைந்தது.

எது என்று எனக்கு உடனே தெரிந்தது. மேலாளர் அண்ணையிடம் கேட்டார். அண்ணை குனிந்து தாள்களைப் பொறுக்கத் தொடங்கினார். மேலாளர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்றைக்கும் எழுதிக்காட்ட முடியும். அவரும் இதை முடித்துவிடவே விரும்பினார்.

“பதினொரு கிராம்தானே. தராசுப் பிழையாக இருக்கலாமா?”

அப்போது அண்ணையின் வதிவிட அனுமதி விண்ணப்பம் உள்ளே போயிருந்தது. தற்காலிக அனுமதியோடு இருந்தவர், நிரந்தர வேலையைக் காட்டித்தான் அடுத்ததைக் கேட்டிருந்தார். அது கிடைத்தால்தான் ஊருக்குப் போய்வரலாம். அந்தப் படிவத்தை நிரப்பியதும் நான்தான். “ஓம், இருக்கலாம்” என்று சொன்னால் போதும் என்பது எனக்குத் தெரியும்.

“என் தராசு பிழைக்காது” என்றேன்.

அன்றோடு அண்ணையின் வேலை போனது. சட்டையையும் சாப்பாட்டுப் பெட்டியையும் எடுத்துக்கொண்டார். வாசலில் நின்று திரும்பினார்.

“நீ எழுதினது சரிதான், தங்கச்சி.”

அதில் குத்தல் இருந்ததா என்று பதின்மூன்று வருடமாகப் பார்க்கிறேன். இல்லை. அதுதான் கஷ்டம்.

பெட்டியில் இருந்தவை அடுத்த கிழமை உருக்கப் போயின. அண்ணை லுசேர்ணில் ஒரு ஹோட்டலில் மணித்தியாலக் கணக்கில் கோப்பை கழுவினார். அனுமதி ஐந்து வருடம் தள்ளிப்போனது. அந்த ஐந்து வருடத்துக்குள் ஊரில் அவருடைய தங்கச்சி இறந்துவிட்டா. அவரால் போக முடியவில்லை. இதை மற்றவர்கள் சொல்லிக் கேட்டேன்.

பிறகு ஒரே ஒரு தடவைதான் அவரைக் கண்டேன். 2017 ஜூன் 6, செவ்வாய்க்கிழமை. கடையில் ஒரு சின்ன வெள்ளிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். தலை நன்றாக நரைத்திருந்தது.

“சுகமா, தங்கச்சி?”

“ஓம்.”

“உன்ட பழைய கொப்பியெல்லாம் இரிக்கா?”

திறந்திருந்த பதிவேட்டை மூடினேன். பழைய கதையைக் கிளறத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

“ஏன் கேக்கிறியள்?”

அவர் கிண்ணத்தைத் திருப்பி விலைச்சீட்டைப் பார்த்தார்.

“சும்மா” என்றார்.

கிண்ணத்துக்குக் காசைக் கொடுத்துவிட்டுப் போனார். அவருடைய வாயில் அந்தச் சொல் எவ்வளவு பொருந்தாதது என்பதை நான் அன்று கவனிக்கவில்லை. நாட்குறிப்பில் மட்டும் எழுதியிருக்கிறேன்: ‘அண்ணை வந்தார். சும்மா என்றார்.’

இன்று பொதிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். ஆட்டுக்குட்டி, புறா, கதிரும் குலையும், அப்போஸ்தலர் நால்வர், நங்கூரம் போட்ட ஒரு குழந்தைக் கரண்டி. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு துண்டு. பெயர், தொலைபேசி எண், ஒரு குறிப்பு. ‘எடுக்கயில்ல.’ ‘நம்பர் பிழை.’ ‘இப்ப வேணாமாம்.’ சிலவற்றின் பின்பக்கத்தில் விலைச்சீட்டு ஒட்டியபடியே இருந்தது. என் கையெழுத்து. உருக்குக்குப் போகும் முன் யாராவது வாங்கட்டும் என்று கடையில் வைத்தவற்றை அவர் ஒவ்வொன்றாக வாங்கியிருக்கிறார். கோப்பை கழுவிய கையால்.

நாட்காட்டித் தாள்களை நேராக்கித் திகதி வாரியாக அடுக்கினேன். அது என் பழக்கம். அடுக்கி முடித்தபோது ஒன்று தெரிந்தது. எல்லாம் புதன்கிழமை. பதின்மூன்று வருடத்துப் புதன்கிழமைகள். புதன் எனக்கு விடுமுறை. நான் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் வந்திருக்கிறார்.

இரண்டு தாள் மட்டும் புதன் இல்லை. ஒன்று 2017 ஜூன் 6, செவ்வாய். அதற்குள் அந்தக் கிண்ணம். மற்றது இன்னும் அவிழ்க்காமல் வைத்திருந்த ஒரு பொதியின் தாள், 2011 மார்ச் 4, வெள்ளி. அதை அவிழ்க்க முன்பே எனக்குத் தெரிந்திருந்தது. பள்ளங்களில் கறுப்பு அப்படியே இருந்தது. இமை மயிர் ஒவ்வொன்றும் தெரிந்தது. தராசில் வைத்தேன். பதினொரு கிராம்.

அதற்குள்ளும் ஒரு துண்டு. பெயர் இல்லை, எண் இல்லை. ‘ஆர்ட நேர்த்தியோ. என்ட பேரில குடுக்கக் கூடாது. வீடு தங்கச்சிட கொப்பியில இரிக்கு.’

இப்போதைய மேலாளர் இளம் பெண். இந்தப் பெட்டியில் உள்ளவற்றுக்கு உரியவர்கள் இருக்கிறார்கள் என்று சொன்னேன். அவள் தாள்களையும் துண்டுகளையும் பார்த்தாள். உருக்கு வண்டி வியாழக்கிழமை வருகிறது, அதற்குள் யார் கேட்கிறார்களோ அதை எடுத்து வையுங்கள், மற்றதை நான் பிடித்துவைக்க முடியாது என்றாள்.

“நாளைக்கு உங்களுக்கு விடுமுறை அல்லவா?”

“ஓம்” என்றேன். தமிழில் சொல்லிவிட்டேன். அவளுக்கு விளங்கியது.

பதிவேட்டில் எழுதினேன்: கண்மலர், ஒரு சோடி, வெள்ளி, பதினொரு கிராம். கடைசிக் கட்டத்தில் விற்பனை என்று எழுதவில்லை, உருக்கு என்றும் எழுதவில்லை. உரியவருக்கு என்று எழுதினேன். அந்தப் பதிவேட்டில் அப்படி ஒரு சொல் இதற்கு முன் இல்லை. ஐந்து பத்துக்குப் பஸ் எடுத்தேன். வீட்டில் சோறும் பருப்பும். இரவு ஒன்பதுக்கு இவ்வளவையும் எழுதி முடித்தேன்.

நவம்பர் 13, புதன்கிழமை. எழுந்தவுடன் தேநீர்கூட வைக்காமல் முதல் பஸ்ஸில் கடைக்குப் போனேன். நிலவறையில் பழைய பதிவேடுகள் வருட வரிசையில் இருக்கின்றன. 2010, நவம்பர் 18, ஏழாவது வரி. வீட்டின் பெயர், குடும்பப் பெயர், தொலைபேசி எண். நான் யாருக்கும் சொல்லவில்லை. நானே எடுத்தேன், நானே அழைத்தேன். விதியில் இதற்குத் தடையில்லை. பதினான்கு வருடத்துக்கு முன்பும் இருக்கவில்லை.

எட்டு மணிக்கு முன் அழைப்பது இங்கே மரியாதையில்லை. எட்டு ஆகும்வரை கண்களைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். ஒரு வயதான பெண் எடுத்தார்.

“நான் ப்ரொக்கியிலிருந்து கதைக்கிறேன். உங்கள் வீட்டுப் பொருள் ஒன்று எங்களிடம் இருக்கிறது. வெள்ளி. கண்.”

மறுபக்கத்தில் கதிரை ஒன்று இழுபடும் சத்தம் கேட்டது. 

“இரண்டும் இருக்கிறதா?” என்று கேட்டார்.

“இரண்டும்” என்றேன்.